சிலம்பு எதற்குக் குறியீடு?

வந்த கேள்வி இது: "குறியீடு, மோட்டிஃப், தீம் இந்த மூன்றும் எனக்குக் குழம்புகின்றன. 'சிலப்பதிகாரத்தில் சிலம்பு எதன் குறியீடு?' என்று தேர்வில் கேட்டார்கள். 'கற்பின் குறியீடு' என்று எழுதினேன், பாதி மதிப்பெண். நண்பன் 'நீதியின் குறியீடு' என்று எழுதினான், அவனுக்கும் பாதிதான். அப்படியானால் சரியான விடை எது?"

உங்கள் இருவருக்கும் பாதி போட்டவர் நியாயமானவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கோளாறு கேள்வியிலேயே இருக்கிறது. 'எதன் குறியீடு' என்று கேட்டால், அகராதியில் சொல்லுக்குப் பொருள் தேடுவதுபோல, சிலம்பு சமம் இன்னது என்று ஒரே சொல்லில் பதில் வரவேண்டியதாகிறது. ஒரு சொல்லில் முடிகிற விஷயமென்றால் இளங்கோவடிகள் அந்தச் சொல்லையே எழுதிவிட்டுப் போயிருப்பார். முப்பது காதை எதற்கு?

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம், ஏனென்றால் தமிழில் இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. 'தீம்' என்பதற்கு இன்றைய கட்டுரைகளில் பலரும் 'கருப்பொருள்' என்று எழுதுகிறார்கள். தொல்காப்பியத்தில் கருப்பொருள் என்றால் அதுவல்ல. "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை, செய்தி யாழின் பகுதியொடு தொகைஇ" என்று அது அடுக்குவது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை. எல்லாம் கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய, அல்லது காதால் கேட்கக்கூடிய சங்கதிகள் (தெய்வத்தை விட்டுவிடுங்கள்). கவிதை எதைப் பற்றியது என்பதற்கு, அதாவது பிரிவு, காத்திருப்பு, ஊடல் போன்றவற்றுக்கு, அங்கே உரிப்பொருள் என்று பெயர். ஆகவே பழைய கணக்கில் தீமுக்குப் பக்கத்தில் வருவது உரிப்பொருள். கருப்பொருள் குறியீடு பிறக்கும் இடம். இரண்டு வழக்கையும் ஒரே கட்டுரையில் கலந்து எழுதினால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? நான் இங்கே தீமுக்கு 'மையக்கருத்து' என்றே எழுதுகிறேன். மோட்டிஃபுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட தமிழ்ச் சொல் அமையவில்லை. படைப்பில் திரும்பத் திரும்ப வரும் கூறு என்று புரிந்துகொண்டால் போதும்; அதை 'மீள்வரவு' என்று அழைக்கிறேன். பிடிக்கவில்லையென்றால் மோட்டிஃப் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சிலம்புக்கு வருவோம். 'எதன் குறியீடு' என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்தச் சிலம்பு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, அப்புறம் எங்கே போகிறது என்று மட்டும் பின்தொடருங்கள். போலீஸ்காரர் திருட்டு நகையைத் தேடுவதுபோல. கதையும் கிட்டத்தட்ட அதுதானே.

கோவலன் மாதவியிடம் போன பிறகு, நான்காம் காதையான அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் கண்ணகியைப் பார்க்கிறோம். "அஞ்செஞ் சீறடி அணிசிலம்பு ஒழிய" என்கிறார் கவிஞர். காலில் சிலம்பு இல்லை. இங்கே அதற்கு மறைபொருள் ஒன்றும் தேவையில்லை. கணவன் வீட்டில் இல்லை, அலங்காரம் செய்துகொள்ள மனம் இல்லை, கழற்றி வைத்துவிட்டாள், அவ்வளவுதான். இந்தச் சாதாரணத்தனம் ரொம்ப முக்கியம். நல்ல குறியீடு கதைக்குள் நுழையும்போது "நான் குறியீடு" என்று அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவதில்லை. ஒரு நகையாக, பாத்திரமாக, மரமாகத்தான் வருகிறது.

ஒன்பதாம் காதையில் கோவலன் திரும்பி வருகிறான். குன்றுபோல் இருந்த குடும்பச் செல்வம் தொலைந்தது, வறுமை எனக்கு நாணம் தருகிறது என்கிறான். மாதவிக்குக் கொடுக்கப் பொருள் இல்லாமல் வருந்துகிறான் போலும் என்று கண்ணகி எண்ணிக்கொள்கிறாள் என்பது பொதுவான விளக்கம். சிரித்த முகத்தோடு மூன்றே சொல்லில் பதில் சொல்கிறாள்: "சிலம்புள கொண்ம்." சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். 'உள' என்பது பன்மை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் இன்னும் சேர்ந்தே இருக்கின்றன. கோவலனோ அதை முதலாக வைத்து, இழந்த பொருளை மதுரையில் ஈட்டலாம் என்கிறான். வணிகர் வீட்டுப் பிள்ளை. கால் நகை ஒரே நொடியில் கடைமுதல் ஆகிவிட்டது.

பதினாறாம் காதையில், மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில், "சீறடிச் சிலம்பின் ஒன்றுகொண்டு யான்போய் மாறி வருவன் மயங்காது ஒழிக" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். 'மாறி' என்றால் விற்று. ஆனால் கதை முடிவு தெரிந்து படிக்கிறவருக்கு 'மாறி வருவேன்' என்ற பேச்சு வேறு மாதிரிக் கேட்காமல் இருக்காது. இணை இங்கே பிரிகிறது. ஒரு சிலம்பு ஊருக்குள், ஒன்று மனைவியிடம். அன்றே கணவனும் மனைவியும் கடைசியாகப் பிரிகிறார்கள். கவிஞர் இதற்கு அடிக்கோடு போடவில்லை. போடவும் தேவையில்லை.

அரண்மனையில் பொற்கொல்லன், தான் ஏற்கெனவே திருடிய கோப்பெருந்தேவியின் சிலம்பு வெளிப்படுமுன் கோவலனைத் திருடனாக்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறான். அரசனோ ஊடிப் போன தேவியைச் சமாதானப்படுத்தப் போய்க்கொண்டிருக்கிறான். அந்த அவசரத்தில், சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் "கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு" என்று உத்தரவிடுகிறான். கண்ணகியின் வீட்டில் பிரிவின் அடையாளமாகக் கழன்ற சிலம்பு, இங்கே இன்னொரு வீட்டு ஊடலைத் தீர்க்கும் பரிசாகத் தெரிகிறது பாருங்கள். அதே பொருள், வேறு கண்.

அடுத்துவருவது எனக்கு மிகவும் பிடித்த இடம். இருபதாம் காதையில், வழக்குரை காதையில், கண்ணகி அரண்மனை வாயிலில் நின்று தன்னைப் பற்றி அரசனிடம் சொல்லச் சொல்கிறாள்: "இணையரிச் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள்." இணைச் சிலம்பில் ஒன்றை ஏந்தியவள். வாயிற்காவலன் உள்ளே போய் அதே செய்தியைச் சொல்லும்போது வாக்கியம் லேசாக மாறிவிடுகிறது: "பொற்றொழிற் சிலம்பொன்று ஏந்திய கையள், கணவனை இழந்தாள்." இணை என்று அவள் சொன்னதை, பொன்வேலை என்று அவன் சொல்கிறான். அவளுக்கு அது இரண்டில் மிஞ்சிய ஒன்று. அவனுக்கு அது விலை உயர்ந்த நகை. ஒரே சொல்தான் மாறியிருக்கிறது. ஆனால் அந்த அரண்மனை ஒரு சிலம்பை எப்படிப் பார்க்கும் என்பது முழுவதும் அதில் இருக்கிறது. பலமுறை படித்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. அவசர வாசிப்பில் இரண்டும் ஒரே வரிபோலத்தான் ஓடிவிடும்.

காலில் இருந்தது இப்போது கையில் இருக்கிறது. நகையாக இருந்தது சாட்சியாகிவிட்டது. என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே இட்ட மணி, மாணிக்கம் என்கிறாள் அவள். எம்முடைய சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொற்கொல்லனின் பொய் எடுபட்டிருக்காது. வேறுபாடு உள்ளே. உடைத்தால்தான் தெரியும். "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே" என்ற வரியில் மாணிக்கம் அரசனின் வாயருகே போய்த் தெறிக்கிறது. 'கொன்று கொணர்க' என்று சொன்ன வாய் அது என்று படிப்பது என் வாசிப்பு; நீங்கள் ஏற்கவேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் பின்தொடர்ந்தபின் உங்கள் விடைக்கும் நண்பரின் விடைக்கும் வாருங்கள். கற்பு என்றால் 'கொண்ம்' என்று கொடுத்த கை அதில் இருக்கிறது. நீதி என்றால் தெறித்த பரல் இருக்கிறது. தாம்பத்தியம் என்றால் இணை இருக்கிறது. மறைந்திருக்கும் உண்மை என்றால் அதுவும் இருக்கிறது. எல்லாம் சரி, எதுவும் தனியாகச் சரியில்லை. ஒரு பொருள் பல கைகள் மாறி, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் அர்த்தம் ஏற்றிக்கொண்டு, ஏற்றியதை இறக்காமல் அடுத்த கைக்குப் போனால் அது குறியீடாகிறது.

இப்போது மீள்வரவு. சிலம்பும் திரும்பத் திரும்ப வருகிறதே, அதுவும் மோட்டிஃப்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரே பொருள் இரண்டாகவும் இருக்கலாம். ஆனால் திரும்ப வருவதெல்லாம் கனமான பொருளாக இருக்கவேண்டும் என்பதில்லை. காப்பியத்தில் மூன்று கனவுகள் வருகின்றன: கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி கண்டது, அடைக்கலக் காதையில் கோவலன் சொல்வது, வழக்குரை காதையின் தொடக்கத்தில் கோப்பெருந்தேவி கண்டது. மூன்றும் பலிக்கின்றன. நடுவே ஆய்ச்சியர் குரவையில் குடத்துப் பால் உறைவதில்லை, உறியில் இருக்கும் வெண்ணெய் உருகுவதில்லை. எந்தக் கனவையும் தனியாக எடுத்து 'இது எதன் குறியீடு' என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மூன்றையும் வரிசையாக வைத்தால்தான், ஏற்கெனவே முடிவான ஒன்று நெருங்கிவருகிறது என்ற உணர்வு உண்டாகிறது. மீள்வரவு வேலை செய்வது எண்ணிக்கையாலும் இடைவெளியாலும்.

குடையையும் கவனியுங்கள். "திங்களைப் போற்றுதும்" என்று காப்பியம் தொடங்கும்போதே, சோழனின் குளிர்ந்த வெண்குடைபோல உலகுக்கு அருள் செய்வதால் திங்களைப் போற்றுவோம் என்கிறது. எத்தனையோ அரச வாழ்த்துகளில் வரும் சம்பிரதாயம்தான், யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். கோப்பெருந்தேவியின் கனவில் குடையும் கோலும் விழுகின்றன. பரல் தெறித்த கணத்தில் பாண்டியன் "தாழ்ந்த குடையன் தளர்ந்த செங்கோலன்" ஆகிறான். முதல் பாட்டில் வானத்தில் இருந்த குடை இருபதாம் காதையில் சாய்கிறது. அந்தக் குடை சோழனுடையது, இது பாண்டியனுடையது என்று யாராவது மடக்கலாம், நியாயம்தான். ஆனால் குடை என்றால் அரசன் செய்யவேண்டிய வேலை என்று முதல் வரியிலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிட்டது.

சொல்லும் மீள்வரவு ஆகலாம். கொலைக்களக் காதையில் பாண்டியன் உத்தரவிடும் இடத்தில் கவிஞர், "வினைவிளை காலம் ஆதலின்" அவன் "தேரான் ஆகி" என்கிறார்; ஆராயாதவன் ஆகி. நான்கு காதை கழித்துக் கண்ணகி அவன் முகத்துக்கு நேரே அதே சொல்லை எறிகிறாள்: "தேரா மன்னா செப்புவது உடையேன்." கவிஞர் நம்மிடம் தனியாகச் சொன்னது அவளுக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் அதே சொல் அவள் வாயில் வருகிறது.

மையக்கருத்துக்கு நான் அதிகம் சொல்லவேண்டியதே இல்லை. காப்பியத்தின் முன்னுரையான பதிகமே சொல்லிவிடுகிறது. (பதிகம் இளங்கோ எழுதியதுதானா என்ற கேள்வி ஆய்வாளர்களிடம் உண்டு. யார் எழுதியிருந்தாலும் நூலை நன்றாகப் படித்தவர்.) "அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம், உரைசால் பத்தினிக்கு உயர்ந்தோர் ஏத்தலும், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்பதூஉம்" என்று மூன்றை வைத்துவிட்டு, "சூழ்வினைச் சிலம்பு காரணமாக" என்று தொடர்கிறது. சொல்லவருவது மூன்று, அதற்குக் காரணமாக நிற்பது சிலம்பு. மையக்கருத்து வேறு, குறியீடு வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் பிரித்துக் காட்டவில்லை.

இன்னொன்றையும் அந்த வரிகளில் கவனியுங்கள். 'நீதி', 'கற்பு', 'விதி' என்று ஒற்றைச் சொற்களாக அவர் விடவில்லை. அரசியலில் பிழை செய்தவனுக்கு அறமே எமனாகும் என்று ஒரு முழுக் கூற்றாகச் சொல்கிறார். நீதி என்பது வெறும் தலைப்பு. நீதியைப் பற்றி இந்த நூல் என்ன சொல்கிறது என்பது மையக்கருத்து. தேர்வுத்தாள்களில் நான் பார்க்கும் பெரிய குறை இதுதான்: "இக்கதையின் கருத்து காதல்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். காதலைப் பற்றி என்ன? அது வாழவைக்கும் என்கிறதா, அழிக்கும் என்கிறதா?

மூன்று கருத்துகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால், இல்லை. எல்லாம் ஊழ்வினை என்றால் பாண்டியன் மேல் என்ன குற்றம்? கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் வந்து கோவலனின் முற்பிறவிக் கதையைச் சொல்லும்போது, அப்படியானால் இந்தக் கொலை நடந்தே தீரவேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் "யானோ அரசன் யானே கள்வன்" என்று பாண்டியன் தானே குற்றத்தை ஏற்றுக்கொண்டு உயிர்விடுகிறான். ஊழின்மேல் பழியைப் போடவில்லை. 'வினைவிளை காலம் ஆதலின் தேரான் ஆகி' என்ற தொடரைத் திரும்பப் பாருங்கள். முதல் பாதி அவனை விடுவிக்கிறது, பின்பாதி குற்றம் சாட்டுகிறது. இந்தச் சண்டையை நூல் தீர்த்துவைக்கவில்லை. கருத்துகள் தமக்குள் சண்டை போடாத நூல்கள் பெரும்பாலும் ஒரு வாசிப்போடு தீர்ந்துபோகின்றன என்பது என் அனுபவம்.

எல்லாவற்றிலும் குறியீடு தேடும் பழக்கத்துக்கும் ஒரு கடிவாளம் வேண்டும். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில் அசைவதை, வராதே என்று கைகாட்டி மறிப்பதுபோல என்கிறார் இளங்கோ. வையை பூவாடை போர்த்துக் கண்ணீரை மறைத்துக்கொண்டாள் என்கிறார். கோவலனும் கண்ணகியும் அதைப் பூ நிறைந்த ஆறு என்று நினைத்துக் கடந்துபோகிறார்கள். அழகான இடங்கள். ஆனால் கொடியும் ஆறும் இங்கே குறியீடுகள் அல்ல. இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவது, தற்குறிப்பேற்றம். இங்கே கவிஞரே அர்த்தத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். குறியீட்டில் அவர் சொல்வதில்லை.

சொல்லாமல் விடுவதைத் தமிழ் வெகு காலத்துக்கு முன்பே ஓர் இலக்கணமாக்கிவிட்டது. குறுந்தொகை 8-ஆம் பாட்டு ஆலங்குடி வங்கனாருடையது, பரத்தை பேசுகிறாள். வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்துத் தானே விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வும் ஊரைச் சேர்ந்தவன் அவன் என்று தொடங்குகிறாள். ஊரை வர்ணிப்பதுபோலத்தான் இருக்கிறது. மீன் மரம் ஏறவில்லை, பழம் தானாக வந்து விழுந்தது. 'நான் அவனை வளைத்துப் பிடிக்கவில்லை' என்பதை அவள் சொல்லவே இல்லை. இதுதான் உள்ளுறை உவமம். அதே பாட்டில், மனைவி முன்னால் அவன் கண்ணாடிப் பாவைபோல, நாம் கைகால் தூக்கினால் தானும் தூக்குவான் என்று வெளிப்படையான உவமையையும் வைக்கிறாள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வகுப்பில் சொல்ல இதைவிட வசதியான பாட்டு கிடையாது. உள்ளுறை தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொள்ளும் என்கிறது தொல்காப்பியம். தெய்வத்துக்கு ஏன் விலக்கு என்று யோசித்துப் பார்க்கலாம். மீன், பழம் போன்றவற்றுக்கு அவற்றின் சொந்த வாழ்க்கை ஒன்று இருக்கிறது, அது நமக்குத் தெரியும், அதனால்தான் அவற்றை வைத்து மறைவாகப் பேசமுடிகிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கபிலரின் குறுந்தொகை 25 அதைவிடக் கடினம். அவன் என்னைச் சேர்ந்த அன்று சாட்சி யாரும் இல்லை. தினைத்தாள் போன்ற காலுடைய ஒரு குருகு மட்டும் இருந்தது, அதுவும் ஓடும் நீரில் ஆரல்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் குருகு இரைக்குக் காத்திருக்கும் அவனா? அல்லது பக்கத்தில் இருந்தும் எதையும் பார்க்காத உலகமா? அல்லது வெறும் குருகுதானா? மூன்றையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் நீங்கள் நன்றாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்ற இரண்டைத் தூக்கி எறியச் சொல்கிறவரை நம்பவேண்டாம்.

நவீன நாவலிலும் இதே கதைதான். அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலில் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் ஜமுனாவையும் அவள் தெருவையும் குடத்தோடு அலையவிடுகிறது. தண்ணீர் என்றால் அன்பு, வாழ்க்கை என்று முதல் பக்கத்திலேயே மொழிபெயர்த்துக்கொண்டு படித்தால் அந்தக் குடத்தின் கனம் கையில் விழாது. முதலில் தண்ணீர் தண்ணீர்தான்.

தேர்வுக்கு எப்படி எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'சிலம்பு இன்னதன் குறியீடு' என்று தொடங்காமல், சிலம்பு முதலில் எங்கே இருந்தது, எங்கே போய்ச் சேர்ந்தது, வழியில் அதன் அர்த்தம் எங்கே திரும்பியது என்று இரண்டு மூன்று இடங்களை வரிகளோடு காட்டி எழுதுங்கள். அதன் முடிவில் பதிகத்தின் மூன்று கருத்துகளில் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். முழு மதிப்பெண் வரும் என்று நான் உறுதி தரமுடியாது, ஆனால் திருத்துகிறவர் ஒரு நிமிடம் பேனாவைக் கீழே வைப்பார்.

அப்படி எழுதும்போது வழக்குரை காதையோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லாரும் அங்கேதான் நிறுத்துகிறார்கள். சிலம்பு உடைந்துவிட்டது, கதையில் அதற்கு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இருபத்தொன்பதாம் காதையில், வாழ்த்துக் காதையில், சேரன் செங்குட்டுவன் வானத்தைப் பார்த்து "என்னே இஃது" என்று வியக்கிறான். "பொன்னஞ் சிலம்பிற் புனைமே கலைவளைக்கை, நல்வயிரப் பொற்றோட்டு" மின்னல்கொடி ஒன்று விசும்பில் தெரிகிறது. கண்ணகி. இப்போது நான்காம் காதைக்குத் திரும்பிப் போய், அவள் தனியாக இருந்த அந்த அந்திநேரத்தைப் பாருங்கள். காலில் சிலம்பு ஒழிந்தது, இடையில் மேகலை நீங்கியது, காதில் குழை துறந்தாள் என்று அன்று சொன்னார். வானத்திலும் சிலம்பு, மேகலை, தோடு என்று அதே வரிசையில், காலிலிருந்து காதுவரை. நடுவே வளை ஒன்று கூடுதல்.